வீடுதோறும் நோய்க் கணக்கு



புனே நகரின் கிழக்கே, சோலாப்பூர் நெடுஞ்சாலையின் மேல் அமைந்துள்ள ஹடப்சர், அந்நகரில் வாழும் தமிழர்களுக்குப் புதிய பெயர் அன்று. ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்கள் பரந்திருந்த அவ்விடத்தில் இன்று தொழிற்சாலைகளும், கணினி நிறுவனங்களும், வாயிற்காவலர் நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்துள்ளன. அவற்றிற்கு அண்மையிலேயே ராம்டேக்டி, வைதுவாடி முதலிய நெருக்கமான குடிசைப் பகுதிகளும் உள்ளன. இத்தகைய ஓர் ஊரில், தோளில் பையும் கையில் ஏடும் தாங்கிய பெண்மணி ஒருத்தி பிற்பகல் வேளையில் வந்து கதவைத் தட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். “வீட்டில் எத்தனை பேர்? சென்ற இரண்டு வாரங்களில் யாருக்கேனும் காய்ச்சல் உண்டா? குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? பிள்ளைக்கு ஊசி போட்ட அட்டை இருக்கிறதா?” என்று அவள் வினவுகிறாள். நம்மவரில் பலர் கதவைப் பாதி திறந்து, “எல்லோரும் சௌக்கியம், ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பிவிடுவது வழக்கம். அந்த ஒரு சொல்லினால் நேர்வது என்ன என்பதையே இன்று உங்களுடன் ஆராய விரும்புகிறேன்.

நோயின் அளவை அறிய மருத்துவமனையின் பதிவேடு போதாதா என்று கேட்கலாம். போதாது. மருத்துவமனை அறிவது தன் படியேறி வந்தவர்களை மட்டுமே. கூலி போய்விடும் என்று அஞ்சி வேலைக்குச் சென்ற காய்ச்சல்காரனை அது அறியாது. தனக்கு நோய் உண்டு என்றே உணராதவனையும் அது அறியாது. நூறு பேர் நோயுற்று வந்தால், எத்தனை பேருள் நூறு என்ற கேள்விக்கும் அதனிடம் விடை இல்லை. ஆயிரம் பேருள் நூறு என்பது ஒன்று. இலட்சம் பேருள் நூறு என்பது முற்றிலும் வேறு. நலமாயிருப்பவரையும் சேர்த்து எண்ணினால்தான் நோயின் உண்மையான அளவு புலப்படும். நலமாயிருப்பவர் மருத்துவமனைக்கு வருவதில்லை. ஆகவே அவர் வீட்டுக்கு நாம்தான் போக வேண்டியிருக்கிறது.

இதற்குப் புனேயிலேயே அண்மைக் காலத்துச் சான்று ஒன்று இருக்கிறது. 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்று பரவியபோது, அந்நகரின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் சாவித்திரிபாய் புலே பல்கலைக் கழகமும் மாநகராட்சியுடன் கூடி, ஜூலை 20 முதல் ஆகஸ்டு 5 வரை ஓர் ஆய்வு நடத்தின. நம்முடைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் அதற்குத் துணை நின்றது. தொற்று மிகுந்திருந்த ஐந்து வட்டாரங்களில் 1,664 பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ பாதிப் பேர், துல்லியமாகச் சொன்னால் நூற்றுக்கு 51.5 பேர், முன்னமே அந்தத் தொற்றுக்கு ஆளானவர்கள் என்பது தெரிய வந்தது. சோதனைச் சாலைகளின் பதிவேடுகள் காட்டிய தொகையைவிட இது பன்மடங்கு அதிகம். பொதுக் கழிப்பிடத்தைப் பயன்படுத்துவோரிடம் தொற்று மிகுதியாகவும், தனிக் கழிப்பிடம் உள்ளோரிடம் குறைவாகவும் இருந்ததையும் அவ்வாய்வு காட்டிற்று. எந்த மருத்துவமனைச் சீட்டிலும் கழிப்பிடத்தைப் பற்றிய கேள்வி இராது. அந்த ஐந்து வட்டாரங்களுள் ஹடப்சர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் புனே நகரின் கதவுகளுக்கு இன்னொரு பழைய நினைவும் உண்டு. 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் விரைவிலேயே புனேயை அடைந்தது. 1897 பிப்ரவரியில் கொள்ளை நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. வால்ட்டர் சார்ல்ஸ் ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் தலைமையில் ஒரு பிளேக் குழு அமைந்தது. மார்ச்சு 13 முதல் மே 19 வரை வெள்ளைச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டனர். நோயாளி என்று ஐயப்பட்டவர் மருத்துவமனைக்கும், அவருடைய சுற்றத்தார் தனி முகாமுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். பூஜை அறையென்றும் சமையலறையென்றும் பாராமல் சிப்பாய்கள் நுழைந்தனர் என்பதும், பொருள்கள் எரிக்கப்பட்டன, பெண்கள் அவமதிக்கப்பட்டனர் என்பதும் அக்காலத்து மக்களின் முறையீடு. ஜூன் 22ஆம் நாள் இரவு, கணேஷ்கிண்டு சாலையில் சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். அவர் ஜூலை 3ஆம் நாள் இறந்தார். இவ்வரலாற்றின் அரசியல் பகுதியைப் பலரும் அறிவர். மருத்துவக் கணக்கின் நோக்கில் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. சிப்பாய் வருகிறான் என்று கேள்விப்பட்டதும் வீட்டார் நோயாளியை ஒளித்தனர், இறந்தவரையும் மறைத்தனர். எத்தனைக் கடுமையாகச் சோதனை நடந்ததோ அத்தனைக்குக் கணக்கு பொய்யாயிற்று.

அதே ஆண்டில், அதே நோயின் நடுவே, ஹடப்சரில் இன்னொருவர் இருந்தார். ஜோதிராவ் புலேயின் மனைவியாரும், பெண் கல்விக்கு வழிகாட்டியவருமான சாவித்திரிபாய் புலேதான் அவர். அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்த், மருத்துவர். ஊருக்கு வெளியே, ஹடப்சரை ஒட்டிய ஸஸாணே மளா என்னும் தோட்டத்தில், பிளேக் நோயாளிகளுக்காக அவர்கள் ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினர். ‘மளா’ என்பது மராத்தியில் தோட்டத்தைக் குறிக்கும் சொல். முண்ட்வா சேரியில் ஒரு சிறுவன் நோயுற்றுக் கிடக்கிறான் என்று அறிந்து, அறுபத்தாறு வயதில் சாவித்திரிபாய் அவனைத் தம் முதுகில் சுமந்து கொண்டுவந்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. அந்தத் தொண்டிலேயே அவருக்கும் நோய் பற்றிற்று. 1897 மார்ச்சு 10ஆம் நாள் அவர் காலமானார். சிப்பாய்களின் வீட்டுச் சோதனை தொடங்கியது அதற்கு மூன்று நாள் கழித்து. தேடிச் சென்றவர்கள் இரு சாரார். தேடப்பட்டதும் ஒரே நோய்தான். ஆனால் ஒரு சாராருக்குத் தாயே தன் பிள்ளையை எடுத்துக் கொடுத்தாள். மறு சாரார் வந்தபோது பிள்ளையை மூட்டைக்குப் பின்னால் மறைத்தாள்.

இன்று வீட்டு ஆய்வு செய்யும் அறிஞர்கள் இதை நன்கு உணர்ந்தவர்கள். ஆகவே அவர்கள் சிப்பாயை அனுப்புவதில்லை; பெரும்பாலும் அதே பகுதியில் வாழும் பெண்ணையே பயிற்றி அனுப்புகிறார்கள். மகாராஷ்டிரத்தில் இவரைத் ‘தாயி’ என்று அழைப்பர். நம் செவிக்கு அது தாய் என்று ஒலிக்கும். மராத்தியில் அதன் பொருள் அக்காள்.

இனி, எல்லா வீட்டையும் தட்டாமல் சில வீடுகளை மட்டும் தட்டுவது ஏன் என்ற ஐயம் எழலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அது ஒரே அடுப்பில், ஒரே தண்ணீரில் வெந்த சோற்றுக்குப் பொருந்தும். நகரம் அப்படி வேகவில்லை. மகர்பட்டாவின் மாடிவீட்டிலிருந்து ஒரு சோற்றை எடுத்து ராம்டேக்டியின் பதத்தைச் சொல்லிவிட முடியாது. ஆகவே, முதலில் வட்டாரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வீடுகளை எண்ணிப் படம் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, பிறகு சீட்டுக் குலுக்குவதுபோல் சில எண்களை எடுக்கிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் நாம் காணும் குடவோலையின் நியாயமும் இதுவேயன்றோ? தேர்ந்தெடுப்பவனின் விருப்பு வெறுப்பு அதில் புகக் கூடாது. ஆய்வுக்காரருக்கு வசதியான வீடு, பேச்சுக் கொடுக்கும் வீடு, நாய் இல்லாத வீடு என்று அவரே பொறுக்கத் தொடங்கினால், நாய் வளர்க்காதவர்களின் ஆரோக்கியந்தான் கணக்கில் ஏறும்.

தடுப்பூசி எத்தனைக் குழந்தைகளுக்குச் சென்றது என்பதை அறிய, உலக சுகாதார நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் எளிய முறை ஒன்றைப் பரப்பியது. முப்பது இடங்கள், இடத்துக்கு ஏழு குழந்தைகள். ஊரின் நடுவில் நின்று ஒரு புட்டியைத் தரையில் சுழற்றுவார்கள். அதன் வாய் எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசையில் ஒரு வீட்டைத் தேர்ந்து, அங்கிருந்து அடுத்தடுத்த வீடுகளுக்குச் செல்வார்கள். மலிவும் விரைவும் உடைய முறைதான். ஆயினும் ஊரின் நடுவே உள்ள வீடுகளுக்கு அது சலுகை தருகிறது. ஓடைக்கரையில் கடைசியாக நிற்கும் தகரக் கொட்டகைக்குப் புட்டியின் வாய் எளிதில் திரும்பாது. நகரங்களில் இது பெருங்குறை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஹடப்சரை எண்ணும்போது இக்குறை இன்னும் உறுத்துகிறது. 1966இல் தொடங்கப்பட்டு அங்கே இயங்கிவரும் சீரம் இன்ஸ்டிடியூட், உலகின் பல நாடுகளுக்குத் தடுப்பு மருந்து அனுப்புகிறது. அம்மருந்து கடல் கடந்து சேர்ந்ததைக் கப்பல் சீட்டைப் பார்த்து அறியலாம். அதே ஊரில் ஒரு கொட்டகைக் குழந்தைக்கு அது சேர்ந்ததா என்பதை அறிய அந்தக் கொட்டகையின் வாசலுக்கே போயாக வேண்டும்.

வீட்டாருக்கே விடை தெரியாத கேள்விகளும் உண்டு. 1854இல் இலண்டனில் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், நோயால் இறந்தவர்களின் வீடுகளுக்குச் சென்று, எந்தக் கம்பெனியின் குழாய்த் தண்ணீர் அங்கு வருகிறது என்று விசாரித்தார். தெம்ஸ் நதியின் தென்கரையில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் ஒரே தெருவில் ஓடின. ஒன்று நகரத்துச் சாக்கடை கலக்கும் இடத்திலும், மற்றொன்று அதற்கு மேலே தூய இடத்திலும் தண்ணீர் எடுத்தது. வரியை வீட்டுச் சொந்தக்காரர் செலுத்தியதால் குடியிருப்போர் பலருக்குக் கம்பெனியின் பெயரே தெரியவில்லை. ஸ்நோ சலிக்கவில்லை. சிறிது தண்ணீரை வாங்கி, அதில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை இட்டு, கலங்கும் அளவைக் கொண்டு உப்பின் மிகுதியைக் கண்டு, எந்தக் கம்பெனியின் தண்ணீர் என்பதை நிச்சயித்தார். வாடகை வீட்டில் வாழும் நமக்கும், தண்ணீர் மாநகராட்சிக் குழாயா, ஆழ்குழாய்க் கிணறா, லாரியில் வந்ததா என்று பல வேளைகளில் தெரிவதில்லை. “தெரியாது” என்று சொல்வதும் நல்ல விடையே. ஊகித்துச் சொல்வதுதான் கேடு.

நம் தாயகத்தில் இந்தப் பணி எத்துணை சிறப்பாக நடந்திருக்கிறது என்பதைப் பிற மாநிலத்தில் வாழும் நாம் அறிந்திருத்தல் நன்று. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பெற்றது. நோயாளியைச் சானட்டோரியத்தில் வைத்து நல்லுணவும் ஓய்வும் தந்தால்தான் பிழைப்பான் என்பது அக்காலத்து நம்பிக்கை. சென்னையின் ஏழை வீடுகளிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று அம்மையம் ஆராயத் துணிந்தது. 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானட்டோரியம் சென்றனர்; மற்றவர் தம் ஒண்டுக் குடித்தனங்களிலேயே இருந்தனர். பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர். கூட வாழும் மனைவி மக்களையும் விடாது சோதித்து வந்தனர். வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே அளவு பலன் தருகிறது என்பதும், வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகப் பரவவில்லை என்பதும் 1959இல் வெளியாயின. சானட்டோரியத்துக்கு இடமில்லாத நாடுகளெல்லாம் இதனால் நிம்மதி பெற்றன. அந்தச் சந்துகளில் கதவு திறந்த குடும்பங்கள் இல்லையேல் இது நிகழ்ந்திராது.

வேலூரில் நடந்ததோ வேறு வகை. 2002இல் தொடங்கி, அந்நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். வாரம் இருமுறை ஒருவர் வீட்டுக்கு வந்து, குழந்தைக்குப் பேதி உண்டா என்று கேட்பார். வாரம் இருமுறை வீதம் மூன்று ஆண்டு என்றால் ஒரு வீட்டுக்கு முந்நூறு தடவை! கேட்பவருக்கும் விடை சொல்பவருக்கும் இருந்த பொறுமையை எண்ணிப் பாருங்கள். ரோட்டா வைரஸ் என்னும் கிருமி ஒருமுறை பற்றினால் மறுமுறை பற்றாது என்ற உறுதி இங்குள்ள குழந்தைகளுக்கு இல்லை, மூன்று முறை பற்றிய பின்னும் பாதுகாப்பு முழுமையாவதில்லை என்று அதனால் தெரிந்தது. அந்தக் கிருமிக்கான தடுப்பு மருந்துகளுள் ஒன்றைத்தான் ஹடப்சரின் அதே நிறுவனம் இன்று தயாரிக்கிறது.

நீரிழிவைப் பற்றியும் ஒரு சொல். சென்னையில் 1989இல் பெரியவர்களுள் நூற்றுக்கு 8.3 பேருக்கு இருந்த நீரிழிவு, 1995இல் 11.6 ஆகவும், 2000இல் 13.5 ஆகவும், 2004ஐ ஒட்டி 14.3 ஆகவும் ஏறிற்று. கடைசிக் கணக்கு, மாநகரின் 155 வட்டங்களில் 46ஐத் தேர்ந்து 26,001 பேரைக் கண்டு எடுத்தது. ஊரை விட்டு வந்துவிட்ட நமக்கு உடலின் அவ்வியல்பும் கூடவே வந்திருக்கும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். ஆனால் புனேயில் வாழும் தமிழருள் நூற்றுக்கு எத்தனை பேர்? அதை எண்ண வேண்டுமானால் நாம் முதலில் ஏட்டில் ஏற வேண்டும்.

அங்கேதான் சிக்கல். ஹடப்சரில் இருவகைக் கதவுகள் திறப்பதில்லை. ஒன்று, மாடிக் குடியிருப்பின் பெருவாயில். அங்கே காவலர், சங்கச் செயலாளரின் சீட்டு இல்லாமல் யாரையும் உள்ளே விடார். செல்வர் வீடுகளில் மறுப்பு அதிகம் என்பது ஆய்வாளர் பலரின் அனுபவம். மற்றொன்று, பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கும் ஒற்றை அறை. நான்கு இளைஞர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தது. இருவருக்குப் பகல் வேலை, இருவருக்கு இரவு வேலை. பகலில் ஆள் இருந்தாலும் உறங்குகிறான். ஏட்டில் ‘வீடு பூட்டியுள்ளது’ என்று குறிக்கப்படுகிறது. நல்ல ஆய்வில் மேலும் இரண்டு மூன்று முறை, வேறு வேறு நேரங்களில் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அப்போதும் பூட்டியிருந்தால் அந்த வீடு கணக்கிலிருந்து வெளியேறிவிடும். இது போதாதென்று, பல ஆய்வுகளில் ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவரைக் குடியிருப்பவராகச் சேர்ப்பதில்லை. கட்டட வேலைக்கு வந்து, ஐந்தாம் மாதம் வேறு பகுதிக்கு மாறும் தொழிலாளி எந்த ஊரின் ஏட்டிலும் இராமல் நோயுற்று எந்த ஊரின் கணக்கிலும் சேராமல் போகிறான். தேசியக் குடும்ப நல ஆய்வில், முன்தினம் இரவு அந்த வீட்டில் உறங்கியவரையெல்லாம் கேட்டுக் குறிக்கும் வழக்கம் உண்டு. புலம்பெயர்ந்தோருக்கு இதுவே நியாயமான முறை என்பது என் கருத்து.

கதவு திறந்த பின்னும் மொழி நிற்கிறது. மராத்தியில் தாப் என்றால் காய்ச்சல், கோக்லா இருமல், காவீள் காமாலை, ஜுலாப் பேதி. இந்த நான்கு சொற்களையும் நம் வீட்டுப் பெரியவர்கள் கற்றுக்கொள்ள அதிக நேரம் ஆகாது. பள்ளியில் படிக்கும் சிறுமியை நடுவில் நிறுத்தி மொழிபெயர்க்கச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். பாட்டி தன் மகப்பேற்றுத் துன்பங்களைப் பேத்தியின் வாய்வழியே அந்நியரிடம் சொல்வாளா? மாட்டாள், “ஒன்றுமில்லை” என்றே சொல்வாள். இன்னொரு விபரீதமும் உண்டு. நம்மவர் ‘உடம்பு சூடு’ என்பது நோயே அன்று; எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தணியும். அதை அப்படியே ‘கர்மீ’ என்று பெயர்த்துச் சொல்வோமாயின், மராத்தியில் அச்சொல்லுக்குப் பால்வினை நோய் என்ற பொருளும் உண்டு. கேட்பவள் திகைத்து நம்மை ஏற இறங்கப் பார்த்தால் அது அவள் குற்றம் அன்று.

அச்சங்களைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். குடிசையை இடிக்கக் கணக்கெடுப்பவரும் ஏட்டுடன்தான் வருகிறார். ஆகவே ஏட்டைக் கண்டால் மக்கள் அஞ்சுவதில் பிழை இல்லை. சுகாதார ஆய்வுக்கு வருபவரிடம், யார் அனுப்பியது, அடையாள அட்டை எங்கே, எதற்காகக் கேட்கிறீர்கள், பெயர் வெளியாகுமா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இரத்தம் எடுப்பதானால் எவ்வளவு, எதைச் சோதிக்க, முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா என்றும் கேட்கலாம். விளங்கும் மொழியில் எடுத்துரைத்து, இசைவு பெற்ற பின்பே ஆய்வு தொடங்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறி. விருப்பமில்லை என்று சொல்லலாம். நடுவில் நிறுத்தியும் விடலாம். அதனால் உங்களுக்குரிய சிகிச்சை எதுவும் குறையக் கூடாது. கேட்டதற்கு விடை சொல்லத் தெரியாமல் அதட்டுபவர் வந்தால், கதவைச் சாத்திவிடுங்கள்.

மற்றபடி, இரவு வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்கள் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம். ஆய்வுக்கு வரும் தாயி, பூட்டிய கதவைக் கண்டதும் முதலில் கேட்பது அடுத்த வீட்டைத்தான். “ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் இருப்பார்கள்” என்று அவர்கள் சொன்னால், அவள் ஏட்டில் அந்த நாளையும் நேரத்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போவாள்.